துடக்குக் கழியும்வரை பார்த்திருக்க வேண்டாம்: கைக்குழந்தையின் காதுக்குச் சில குறிப்புகள்

பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் முதற் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். "இன்னொருக்கால் பார்க்க வேணும், கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பிய பிறகுதான் நாட்கள் தொலைகின்றன. தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் கொஞ்சம், பஸ் நேரத்துக்கும் வயல் வேலைக்கும் இடையில் கொஞ்சம் என்று மாதங்கள் போய்விடுகின்றன. வன்னியில் மட்டும் இப்படி இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்துவிடுகிற அமெரிக்காவிலேயே, 2007இல் முதற் சோதனையில் தேறாத பிள்ளைகளில் பாதிக்குக் கிட்டிய தொகையினர் அடுத்த சோதனைக்குப் போனதாகப் பதிவு இல்லை. கீழே உள்ள குறிப்புகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீடுகளை மனதில் வைத்து எழுதியவை.

1. மூன்று எண்களை நினைவில் வையுங்கள்: 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை முடிய வேண்டும். சந்தேகம் வந்த பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை. குறைபாடு உறுதியானால் ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னுக்கு நின்றது. குறைபாடு சிறிதென்றாலும் பெரிதென்றாலும், வீடு வசதியானதென்றாலும் ஏழை வீடென்றாலும் இதே முடிவுதான் வந்தது. சுவர்க் கலண்டரில் இந்த மூன்று திகதிகளையும் இன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள்.

2. எங்கள் பக்கத்தில் 31ஆம் நாள்தான் துடக்குக் கழிவு. அதுவரை தாயும் பிள்ளையும் படலை தாண்டுவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 31ஆம் நாள் என்றால் முதல் மாதம் முடிந்துவிட்டது. பிறகு பிள்ளைக்குத் தடிமன், பிறகு கோயில் திருவிழா, பிறகு அறுவடை. வழக்கத்தை விடச் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை கூடினால் ஐந்தாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அப்போது துடக்கு என்று யாரும் மறிப்பதில்லை. காதுக் கிளினிக்கையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கோயிலுக்கு 31க்குப் பிறகு போகலாம், ஆஸ்பத்திரிக்குத் திகதி போட்ட அன்றே போக வேண்டும். அப்பம்மாவோடும் அம்மம்மாவோடும் இதைப் பிள்ளை பிறக்க முன்பே கதைத்து வையுங்கள். பிறந்த பிறகு தொடங்கினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும்.

3. மெஷினில் "பாஸ்" அல்லது "ரெஃபர்" என்று வரும். ரெஃபர் என்றால் பிள்ளை செவிடு என்று அர்த்தமில்லை. பிறந்த முதல் நாளில் காதுத் துவாரத்தில் பனிக்குட நீரும் வெள்ளைப் பூச்சும் தங்கியிருக்கும், நடுக்காதிலும் திரவம் நிற்கும், பிள்ளை அழுதாலும் மெஷின் குழம்பும். இரண்டாம் முறை செய்யும்போது பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். ஆனால் இதையே சாட்டாக வைத்துப் போகாமல் விடுகிற வீடுகள்தான் அதிகம். "அது சும்மா தண்ணி நிண்டது" என்று வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். எது என்று இரண்டாம் சோதனைதான் சொல்லும்.

4. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை தானாக நடந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டாம். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தாதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "பிள்ளைக்குக் காது பார்த்ததோ? ரெண்டு காதும் பாஸோ? அடுத்த திகதி என்ன?" பதிலை டயக்னோசிஸ் கார்ட்டிலும், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று தருகிறார்களே, அந்தக் கிளினிக் கொப்பிதான். சோதனை நடக்கவில்லை என்றால் எங்கே, எப்போது செய்யலாம் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன திகதி வீட்டுக்கு வந்து சேருவதில்லை.

5. ஆஸ்பத்திரியில் இரண்டு போன் நம்பர் கொடுங்கள். சிம் மாற்றுவது எங்கள் ஆட்களுக்குச் சட்டை மாற்றுவது மாதிரி. கிளினிக்கில் இருந்து எடுக்கும்போது "நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை" என்று வந்தால் அந்தப் பிள்ளையைத் தேட அவர்களுக்கு வேறு வழியில்லை. இரண்டாவது நம்பர், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். அம்மம்மாவின் பழைய பட்டன் போன் போதும்.

6. இதுதான் அதிகம் தவறும் இடம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள் மகள். கலியாணம் செய்து போனது வவுனியா, தாய்வீடு முள்ளியவளை. பிரசவத்துக்குப் பிறகு முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) வவுனியா வீட்டில் போய்ப் படலையைத் தட்டுகிறார். முள்ளியவளையில் இருப்பவருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. மூன்று மாதம் கழித்துப் புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரித் துண்டு தாய்வீட்டு அலுமாரியில் கிடக்கும். ஆகவே இரண்டு பக்க மிட்வைஃபுக்கும் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பதிவேடும் துண்டுகளும் பிள்ளையோடேயே போக வேண்டும். ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பிள்ளையின் உடுப்புப் பைக்குள்ளேயே வையுங்கள்.

7. முதற் சோதனையில் தேறினாலும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பி.பி.யூ.வில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தவர்கள், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்கள், காமாலைக்கு இரத்தம் மாற்றப்பட்டவர்கள், ஜென்டாமைசின் போன்ற ஊசி பல நாள் ஏறியவர்கள், அண்ணப்பிளவு உள்ளவர்கள், டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள். ஜென்டாமைசின் உயிர் காக்கும் மருந்து, அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஏறியிருந்தால் பிறகு காதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்த மெஷினில் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். சிறிய முனையைக் காதுக்குள் வைத்து, உட்காது திருப்பி எழுப்பும் மெல்லிய எதிரொலியைப் பிடிப்பது ஓ.ஏ.ஈ. லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் இந்த எதிரொலியைக் கண்டுபிடித்தார். அது உட்காதுவரைதான் சொல்லும். காது நல்லாயிருந்து, நரம்பில் பழுது என்றால் அதில் பாஸ் என்றே வரும். நரம்பையும் சேர்த்துப் பார்ப்பது ஏ.பி.ஆர். கடும் காமாலையும் குறைமாதமும் நரம்பைத் தாக்கக்கூடியவை. பி.பி.யூ.வில் இருந்த பிள்ளை என்றால் "ஏ.பி.ஆர். செய்ததா டொக்டர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

8. "குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா?" என்று டொக்டர் கேட்பார். வன்னியில் இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 2009இல் ஷெல் சத்தத்தில் செவிப்பறை கிழிந்த அப்பப்பாவின் குறைபாடு பேரப்பிள்ளைக்கு இறங்காது. பிறவியிலேயே கேளாத ஒரு பெரியம்மா, சிறுவயதிலேயே பேச்சு வராத ஒரு மாமா இருந்தால் அது வேறு கதை. சம்பந்தம் பேசும் காலத்தில் மறைத்து வைத்த பெயராக இருந்தாலும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். தாய்வழியில் யாருக்காவது ஏதோ ஊசி போட்ட பிறகு காது அடைத்துப் போனது என்று வீட்டில் கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில குடும்பங்களில் அந்த ஊசிகளுக்கு உட்காது மிகச் சீக்கிரம் பழுதாகும் தன்மை தாய்வழியாக வருகிறது. சொந்தத்துக்குள் முடித்தவர்களும் சொல்லுங்கள். ஒருவருக்குமே இல்லை என்றாலும் ஆறுதல் கொள்ள இடமில்லை: பிறவிச் செவிடான பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள்.

9. கர்ப்பத்தில் தாய்க்கு வரும் சி.எம்.வி. என்ற வைரஸ் பிள்ளையின் காதைப் பாதிக்கலாம். தாய்க்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் வந்து போகும். பிள்ளையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பிறந்து 21 நாளுக்குள் பார்த்தால்தான் அது கர்ப்பத்திலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். ரெஃபர் என்று வந்த பிள்ளைக்கு இந்தச் சோதனை வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். 31ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

10. ஏ.பி.ஆர். சோதனைக்குப் போகும் அன்று செய்ய வேண்டியவை. முதல் நாளே தலைக்கு வார்த்துவிடுங்கள், அன்று நெற்றியிலும் தலையிலும் எண்ணெய் பூச வேண்டாம். நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்ன ஒட்டிகளை வைத்துத்தான் பார்ப்பார்கள், எண்ணெய்த் தோலில் அவை பிடிக்காது. கறுத்தப் பொட்டையும் நெற்றியில் வைக்காமல் கன்னத்திலோ உள்ளங்காலிலோ வையுங்கள். நாவூறு அங்கேயும் படாது.

பிள்ளை நித்திரையில் இருந்தால்தான் சோதனை நடக்கும். மல்லாவியில் காலை பஸ் ஏறினால் அந்தக் குலுக்கலில் பிள்ளை வழியெல்லாம் நித்திரை கொண்டு, சரியாக மெஷினுக்கு முன்னால் கண் விழித்துக்கொள்ளும். பஸ்ஸில் முடிந்தவரை முழிப்பாக வைத்திருங்கள். கதையுங்கள், யன்னலைக் காட்டுங்கள், காலைக் கிள்ளாமல் கூச்சம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் முறை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு பால் கொடுத்து, ஏவறை எடுக்க வைத்து, நாப்கினை மாற்றி நித்திரையாக்குங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு நித்திரை மருந்து கொடுப்பதாகச் சொன்னால் எத்தனை மணியோடு பாலை நிறுத்த வேண்டும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். நித்திரை வராமல் அன்றைக்குச் சோதனை சரிவராவிட்டால் கோபித்துக்கொண்டு வந்துவிடாமல், அங்கேயே நின்று புதுத் திகதியை எழுதி வாங்குங்கள்.

11. கிளிநொச்சி, மாஞ்சோலை, வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தொடங்கினாலும், முழுப் பரிசோதனைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்பப்படலாம். தாய் தனியே போக வேண்டாம். பிள்ளை, பை, துண்டு, வரிசை எல்லாவற்றையும் ஒருத்தி சுமந்தால் டொக்டர் சொன்னதில் பாதி காதில் ஏறாது. தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்புத்தான். ஆனாலும் முதல் முறையாவது அவர் வரட்டும். குறைபாடு என்று உறுதியானால் கருவி போடுவதா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருப்பார், டொக்டர் சொன்னதை நேரே கேட்டவராக இருந்தால் நல்லது.

12. மாரியில் திகதி விழுந்தால் கவனம். வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாளில் யாரும் போக முடியாது. போகாமல் விடுவது வேறு, போன் பண்ணி மாற்றுவது வேறு. திகதி தரும்போதே கிளினிக்கின் போன் நம்பரைக் கொப்பியின் முன்மட்டையில் எழுதி வாருங்கள்.

13. சோதனை முடிந்து எழும்ப முன் ஐந்து கேள்வி: எந்தக் காது? எத்தனை டெசிபல்? நடுக்காதுப் பழுதா, உட்காதா, நரம்பா? இது மாறக்கூடியதா? அடுத்தது என்ன, எப்போது? இரகசியமாகக் குசுகுசுப்பது 30 டெசிபல் அளவு, சாதாரணக் கதை 60 அளவு. பிள்ளைக்கு 70க்குக் கீழே கேட்கவில்லை என்று சொன்னால், நீங்கள் வீட்டில் கதைப்பது ஒன்றும் அதற்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

14. சில்வர் தட்டத்தைப் பின்னால் விழுத்திப் பார்ப்பது, கைதட்டிப் பார்ப்பது எல்லாம் சோதனை ஆகாது. தட்டம் விழும்போது நிலம் அதிரும், காற்று அசையும், நிழல் தெரியும். கேளாத பிள்ளையும் திரும்பும். பாதி கேட்கும் பிள்ளை தட்டத்துக்குத் திடுக்கிடும், ஆனால் "ச", "த", "க" போன்ற மெல்லிய ஒலிகள் அதற்கு வராது. கேளாத பிள்ளையும் அழும், சிரிக்கும், முதல் மாதங்களில் "ஊ, ஆ" என்று மழலையும் கொட்டும். பிறகு அது மெல்ல மங்கும்.

இப்படிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் தாயின் குரலுக்கு அழுகை தணிகிறதா? ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்புகிறதா? ஒன்பது மாதத்தில் "பபப", "மமம" என்று அடுக்குகிறதா? ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்கிறதா, ஒரு சொல்லாவது வந்ததா? இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், பிறந்தபோது பாஸ் என்று எழுதியிருந்தாலும், திரும்பக் காட்டுங்கள். சில குறைபாடுகள் பிறந்து மாதங்கள் கழித்துத்தான் தொடங்குகின்றன. இரண்டு, நான்கு, ஆறாம் மாத ஊசிக்கு எப்படியும் கிளினிக் போகிறீர்கள், அந்த மூன்று நாளும் காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் தனிப்பயணம் மிச்சம்.

15. "அவற்ற அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்." "ஆம்பிளைப் பிள்ளை கொஞ்சம் பிந்தும்." இந்த இரண்டு வசனத்தாலும் போன காலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அப்பா பிந்திக் கதைத்தது உண்மையாகவே இருக்கட்டும், காதைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்லலாம்.

16. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பார்கள். வராது, பிஞ்சு வயிற்றுக்குக் கெடுதலும் செய்யும். காதுக்குள் தேங்காயெண்ணெய், உள்ளி காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். கோழி இறகு, கொண்டை ஊசி, பஞ்சுக்குச்சி ஒன்றும் உள்ளே போகக் கூடாது. வார்த்த பிறகு காதுக்குள் ஊதுவதையும் விட்டுவிடுங்கள். வெளிக்காதை மெல்லிய துணியால் ஒற்றினால் போதும்.

17. படுத்தபடி போத்தல் பால் கொடுத்தால் பால் தொண்டையிலிருந்து நடுக்காதுப் பக்கம் ஏறலாம். தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். காதால் சீழ் வடிந்தால் "சளி இறங்குது" என்று விடாமல் மருந்து எடுங்கள். மூளைக்காய்ச்சல் வந்து தப்பிய பிள்ளைக்கு, வீட்டுக்கு விட்டவுடனேயே காதைப் பார்க்க வேண்டும். நத்தைச் சுருளான உட்காது அந்த நோய்க்குப் பிறகு எலும்பாக இறுகிவிடக்கூடும், அதற்குப் பிறகு கொக்ளியர் இம்பிளாண்ட் (25ஆம் குறிப்பைப் பாருங்கள்) வைக்கும் அறுவைச் சிகிச்சை கடினமாகும்.

18. ருபெல்லா ஒரு காலத்தில் பிறவிச் செவிட்டுக்குப் பெரிய காரணமாக இருந்தது. இலங்கையில் 1996இல் அதற்கான தடுப்பூசி தொடங்கியது, 2020இல் நாடு தட்டம்மையையும் ருபெல்லாவையும் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசி போடுவதை நிறுத்தினால் திரும்பி வரும். ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் எம்.எம்.ஆர். தவறக் கூடாது. ஊசி போடாத பெண்கள் கர்ப்பமாக முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பத்தில் போடக் கூடாது.

19. காது மெஷின் கிடைத்துவிட்டது. முதல் கிழமை பிள்ளை இழுத்து எறியும். பால் குடிக்கும்போது, விளையாடும்போது போடுங்கள். நேரத்தைக் கூட்டிக் கூட்டி, முழித்திருக்கும் நேரமெல்லாம் என்று கொண்டுவாருங்கள். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும்போது ஆட்கள் பார்ப்பார்கள் என்று கழற்றி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். பிள்ளை நாலு பேர் கதைப்பதைக் கேட்க வேண்டிய இடமே அதுதான்.

"கீ" என்று மெஷின் கூவினால் பழுது என்று அலுமாரியில் வைக்க வேண்டாம். பெரும்பாலும் காது அச்சு தளர்ந்திருக்கும். கைக்குழந்தையின் காது கெதியாக வளரும், அச்சைச் சில மாதத்துக்கொருமுறை, சில வேளை அதற்கும் முன்பே மாற்ற வேண்டி வரும். புது அச்சுக்கு அளவெடுக்கத் திகதி கேளுங்கள்.

20. மெஷினின் சின்னப் பற்றரியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்த பிறகு உள்ளே போடுங்கள், கூட நாள் உழைக்கும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பக்கெட் போட்ட மூடியுள்ள சின்னப் பேணியில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, அந்தப் பக்கெட்தான். எங்கள் செம்மண் தூசிக்கும் வியர்வைக்கும் மாரி ஈரத்துக்கும் இது கட்டாயம். ஒரு நாடாவில் கொழுவிச் சட்டையோடு குத்திவிட்டால் கிணற்றடியில் தொலையாது. பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு, வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள்.

21. தினமும் காலையில் ஆறு ஒலி: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டானியல் லிங் என்ற பேச்சு ஆசிரியர் உருவாக்கிய முறை. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சின் முழு அகலமும் இந்த ஆறுக்குள் அடங்கும். மெஷினைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் இருந்து, வாயைக் கையால் மறைத்து, மூச்சுக் காற்று பிள்ளையில் படாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கண் விரிதல், சூப்புவதை நிறுத்துதல், தலை திரும்புதல் ஏதாவது ஒன்று தெரியும். நேற்றுவரை கேட்ட "ஸ்" இன்றைக்கு இல்லை என்றால் பற்றரியையும் அச்சுத் துவாரத்தில் அழுக்கையும் பாருங்கள், இரண்டும் சரி என்றால் கிளினிக்குக்குப் போன் போடுங்கள்.

22. பிள்ளைக்குக் கேட்காது என்று தெரிந்ததும் வீடே வாயை மூடிக்கொள்கிறது. மாறாகச் செய்யுங்கள். முகத்துக்கு முகம், ஒரு முழத் தூரத்தில், ரீவியை நிறுத்திவிட்டுக் கதையுங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வார்க்கும்போது: "தண்ணி… சுடுதண்ணி… இப்ப காலுக்கு வார்ப்பம்… மற்றக் கால் எங்கை?" சோறு குழைக்கும்போது, கோழிக்கு அரிசி போடும்போது, சேர்ட் மாட்டும்போது என்று இப்படியே. கத்த வேண்டாம், கத்தினால் சொல் உடையும். சைகையும் சேர்த்துப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம்.

23. ஒரு காது மட்டும்தான் குறை என்றால் பலர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, ஏ9 ஓரத்தில் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. கிளினிக்கை விட வேண்டாம். நல்ல காதைக் கண் போலக் காக்க வேண்டும்.

24. அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் காசில்லை. கருவிக்குத்தான் உதவி தேட வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். வைத்திய நிபுணரின் கடிதம், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிக்கடிதம் ஆகியவற்றில் மூன்று மூன்று பிரதி எடுத்து வைத்திருங்கள். பிறப்புப் பதிவை மூன்று மாதத்துக்குள் முடியுங்கள், பிந்தினால் காலங்கடந்த பதிவு என்ற நீண்ட சுற்று. பெரிய சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் விண்ணப்பத்தை 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

25. மிகக் கடுமையான குறைபாடு, காது மெஷினாலும் போதிய பயன் இல்லை என்றால், உட்காதுக்குள் அறுவைச் சிகிச்சையால் வைக்கும் கொக்ளியர் இம்பிளாண்ட் பற்றிச் சொல்வார்கள். ஒரு வயதை ஒட்டிச் செய்தால் பலன் அதிகம், ஆகவே காது மெஷினைச் சீக்கிரம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை ஒரு நாளில் முடியும், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் தொடரும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசின் காப்புறுதித் திட்டத்திலேயே இதைச் செய்கிறார்கள். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, மூன்று வயதுக்குக் குறைந்த கேளாப் பிள்ளைகளைத் தாயோடு சேர்த்து எடுத்துத் தமிழ் பேசப் பழக்கி வருகிறது. தாய்க்குத்தான் அங்கே முதல் பாடம்.

26. இதே வழியால் போன இன்னொரு தாயை ஒருமுறை சந்தியுங்கள். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவரிடம் கதை கொடுத்தாலே ஆள் கிடைக்கும். கைதடி நவீல்ட் பாடசாலையையும், வள்ளிபுனம் இனிய வாழ்வு இல்லத்தையும் போய்ப் பாருங்கள். சேர்க்கத்தான் போக வேண்டும் என்றில்லை. கேளாத பிள்ளைகள் கையாலும் முகத்தாலும் வாயாலும் சண்டை பிடித்துச் சிரிப்பதைக் கண்டால் தகப்பனின் பயம் பாதி குறையும்.

27. தாயைக் குற்றம் சொல்ல வேண்டாம். கிரகணத்தில் வெளியே போனதாலும், வயிற்றோடு செத்த வீட்டுக்குப் போனதாலும் காது பழுதாவதில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல தாய்மார் ரெஃபர் என்ற துண்டை மடித்து ஒளித்து வைக்கிறார்கள்.

28. கிளினிக் கொப்பியை இன்றைக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாவிட்டால் அயலில் இருக்கும். காதுச் சோதனை என்று எழுதி அடுத்த திகதி போட்டிருந்தால், அது கடந்திருந்தாலும் அந்தத் துண்டோடேயே போகச் சொல்லுங்கள். துண்டு தொலைந்திருந்தால் மிட்வைஃபிடம் சொல்லி வேறு கடிதம் வாங்கலாம்.